சாரலில் உள்ளான் பார்த்தல்: நீலகிரி அணைக்கரைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நவம்பரில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் உதகையில் இரண்டு மூன்று நாள்களுக்கு வெயில் முகம் காட்டாது. சுற்றுலா வந்தவர்கள் அறைக்குள் முடங்கிவிடுவார்கள். அணைக்கரைகளில் குதிரைக்காரரும் இருக்கமாட்டார், சோளம் சுடுபவரும் இருக்கமாட்டார். நான் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு கிளம்புவது அந்த நாள்களில்தான்.

காரணம் எளிது. நல்ல வெயில் நாளில் அணையின் கரை மனிதர்களுடையது. சேற்றோரம் எங்கும் காலடியும் நாயும் கூச்சலும் இருக்கும். சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்கள் எதிர்க்கரைக்குப் போய்விடும். மழை பிடித்துக்கொண்டால் கரை முழுவதும் பறவைகளுக்குத் திரும்பக் கிடைக்கிறது. இன்னொன்றும் உண்டு. இரவில் மலையைக் கடக்கும் வலசைப் பறவைகள் மேகத்துக்குள் சிக்கினால், கண்ணில் படும் முதல் நீர்ப்பரப்பில் இறங்கிவிடும். நேற்றுவரை மூன்று உள்ளான் நின்ற கரையில் இன்று காலை ஒன்பது நிற்கலாம். மேகம் விலகியதும் அவை போய்விடும். மழையில் நனையத் தயாராக இருப்பவருக்கு மட்டுமே அந்த ஆறு பறவைகள் கிடைக்கும்.

இந்த வழிகாட்டி உதகையைச் சுற்றியுள்ள காமராஜ் சாகர், எமரால்டு, பைக்காரா அணைக்கரைகளை மனத்தில் வைத்து எழுதியது.

எதிர்பார்ப்பு

கோடியக்கரையில் கரைப்பறவைகளை ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்டு இங்கே வருபவர்கள் முதல் நாள் ஏமாந்துபோவார்கள். மலை அணைகள் அப்படிப்பட்டவை அல்ல. சமவெளி ஏரியில் தண்ணீர் ஓர் அடி இறங்கினால் ஏக்கர் கணக்கில் சேறு வெளிப்படும். இங்கே அணைகள் பள்ளத்தாக்கை மறித்துக் கட்டியவை. கரை செங்குத்தாக இறங்குகிறது. ஓர் அடி இறங்கினால் இரண்டு முழ அகலத்துக்கு ஒரு சேற்றுப் பட்டை கிடைக்கும், அவ்வளவுதான். தண்ணீரும் குளிர்ந்தது, புழுபூச்சி சமவெளியில் இருப்பதுபோல் செழிக்காது.

ஆகவே இங்கே விரல்விட்டு எண்ணும் அளவுதான் பறவைகள். ஆனால் ஒவ்வொரு பறவையையும் தனித்தனியாக, மணிக்கணக்கில் பார்க்கலாம். கூட்டத்தில் ஒன்றாகத் தெரியும் உள்ளான் இங்கே ஓர் ஆளாகத் தெரியும். எனக்கு அதுதான் பெரிது.

எந்த அணை, எந்த மாதம்

நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை அடித்து நொறுக்கும். அவலாஞ்சி, மேல் பவானி, பைக்காரா பக்கம் அதன் முழு வேகமும் தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அதற்கு முதல் அடி, உதகைக்கு மிச்சம்.

வலசை உள்ளான்கள் ஆகஸ்ட் இறுதியிலிருந்து வந்து சேர்கின்றன, ஏப்ரல்வரை இருக்கும். ஆக, மழையும் பறவையும் சேர்ந்து கிடைக்கும் காலங்கள் இரண்டு. ஒன்று, தென்மேற்கு மழை ஓயும் செப்டம்பர். மற்றது, அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதிவரை. முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது நவம்பர்.

இனி அணையின் நீர்மட்டம். இவை பாசனக் குளங்கள் அல்ல, மின் உற்பத்திக்காகக் கட்டியவை. பைக்காரா மின்நிலையம் 1932-லேயே இயங்கத் தொடங்கியது. எமரால்டு, அவலாஞ்சி, மேல் பவானி அணைகள் பின்னர் கனடா நாட்டின் உதவியோடு நடந்த குந்தா திட்டத்தில் எழுந்தவை. அதனால் வானத்தைப் பார்த்து மட்டும் இங்கே நீர்மட்டத்தைக் கணிக்க முடியாது. மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் நாள்களில் மழைக்கு நடுவிலும் மட்டம் இறங்கும். இரவோடு இரவாக வெளிப்பட்ட ஈரப் பட்டை, இதுவரை எந்த அலகும் படாத புதுச் சேறு. அதன் மேல் காலையில் முதலில் வந்து நிற்பது உள்ளான்தான். போனதும் கரையில் ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் பார்த்தால் அணை என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடும்.

அணை முழுக்க நிரம்பியிருந்தால் கரையில் தேடாதீர்கள். அப்போது நீரோரம் நேராகப் புல்லில் முட்டிக்கொண்டிருக்கும், உள்ளானுக்கு நிற்க இடமில்லை. ஓடை வந்து சேரும் மூலைகளுக்குப் போங்கள். மண் படிந்து, புல் நனைந்து, கறுத்த சதுப்பாகக் கிடக்கும் அந்தக் கையளவு நிலத்தில்தான் எல்லாம் கூடியிருக்கும்.

காமராஜ் சாகர் உதகையிலிருந்து கூடலூர் சாலையில் பத்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. சாலையோரத்திலிருந்தே நிறையத் தெரியும். மழை நாளில் முதல் தேர்வு இதுவே. சுற்றியுள்ள சாண்டிநல்லா புல்வெளிகளில் ஆட்டுப்பண்ணையும் தோடர்களின் எருமைகளும் உண்டு. எமரால்டு பக்கம் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள் நீரோரம்வரை இறங்கி வரும். ஆட்காட்டிகளுக்கு அதுதான் இடம். பைக்காராவில் படகுத்துறைப் பக்கத்தை விட்டுவிட்டு, சாலையிலிருந்து தெரியும் உள்வாங்கிய குடாக்களைப் பாருங்கள். அவலாஞ்சிக்கும் மேல் பவானிக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் அந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள்.

முந்தைய மாலை

வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் எச்சரிக்கை என்றால் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் சாலை நிலவரம் கேட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆரஞ்சு, சிவப்பு என்றால் வீட்டிலேயே இருங்கள். இதில் வாதத்துக்கு இடமே கிடையாது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நடந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊறிப்போன மலை எந்த நேரத்தில் சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வழிகாட்டி சொல்லும் மழை என்பது சாரலும், தூறலும், விட்டுவிட்டு வரும் கனமழையும், தொப்பியைப் பிடுங்கும் காற்றும்தான். மரம் விழும் மழை அல்ல.

காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவத்தில் பெரும்பாலும் வடக்கு, கிழக்கிலிருந்துதான் வாடை வீசும். மலை மடிப்புகளில் திசை திரும்பக்கூடும் என்றாலும், எந்தக் கரை ஒதுக்குப்புறம் என்பதை வரைபடத்தில் முன்கூட்டியே ஊகிக்க அது போதும்.

வெளியூர்க்காரர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும்: 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குள் வரும் வெளிமாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. சோதனைச் சாவடியில் மழையில் நின்றுகொண்டு பதிவு செய்வதைவிட வீட்டிலேயே செய்துவிடலாம்.

கையில் இருக்க வேண்டியவை

தொலைநோக்கி 8×42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலமுள்ள வகை. மழை வெளிச்சத்தில் பத்து மடங்கைவிட எட்டு மடங்கே தெளிவு தரும். காற்றில் கை நடுங்கினாலும் படம் அவ்வளவாக அலையாது. உள்ளே நைட்ரஜன் நிரப்பிய, நீர்புகாத வகையாக இருக்கட்டும். கண் வைக்கும் பக்கத்துக்கு மழைமூடி கட்டாயம். முன்கண்ணாடியில் விழும் துளியைவிடக் கண்பக்கத்தில் விழும் துளிதான் பார்வையைக் கெடுக்கும்.

கண்ணாடி மூடாக்குப் பிடிப்பதற்குப் பாதிக் காரணம் நாம்தான். தொலைநோக்கியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்காதீர்கள். மூச்சு படும்படி கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். காருக்குள் ஹீட்டர் போட்டுவிட்டுச் சில்லென்ற கண்ணாடியை உள்ளே கொண்டுவந்தால் அடுத்த கால்மணி நேரம் ஒன்றும் தெரியாது. துடைக்க மெல்லிய நுண்ணிழைத் துணி நான்கு கொண்டுபோங்கள். ஒன்று நனைந்ததும் அதைப் பையில் போட்டு மறந்துவிட வேண்டும். ஈரத் துணியால் துடைத்தால் கறைதான் மிஞ்சும்.

குடை. மலையில் பெரிய கறுப்புக் குடை இல்லாத வீடு இல்லை. பறவை பார்ப்பவர்கள் பலர் குடையை வெறுக்கிறார்கள். எனக்கு மறைவிடமே அதுதான். அசையாத குடையைப் பாறையாக எடுத்துக்கொள்ளும் பறவை, விரியும் குடையைப் பருந்தாக எடுத்துக்கொள்ளும். எனவே கரைக்கு வருமுன்பே விரித்துவிடுங்கள், எழுந்து வெகுதூரம் வந்தபிறகே மடக்குங்கள்.

மழைச்சட்டையின் தலைமூடியைப் போட்டால் காது அடைத்துவிடும், அசையும்போதெல்லாம் சரசரக்கும். மூடுபனியில் காதுதான் முதல் கருவி. முன்விளிம்புத் தொப்பியும் அதன் மேல் கம்பளிக் குல்லாவும் போட்டுக் காதை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்குப் பருத்தி வேண்டாம், கம்பளி வேண்டும். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் நனைந்து, காற்றில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் விரல் மரத்துவிடும். பேச்சு குழறத் தொடங்கினால் அது ஆபத்தின் அறிகுறி, உடனே கிளம்ப வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் போடும் கம்பூட்ஸ் உதகைக் கடைகளில் கிடைக்கும். சூடான தேநீர் ஒரு பிளாஸ்க், உட்கார ஒரு ரப்பர் விரிப்பு, ஒரு பென்சில். பேனா ஈரத்தாளில் எழுதாது, பென்சில் எழுதும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் குப்பி கொண்டுபோங்கள்.

எங்கே உட்கார்வது

இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் மற்றவை தாமாக நடக்கும்.

காற்றடிக்கும்போது அணைக்கு இரண்டு கரைகள் முக்கியம். காற்று புறப்படும் பக்கத்துக் கரை ஒதுக்கமானது. மேடோ மரங்களோ தடுப்பதால் தண்ணீர் அங்கே அலையில்லாமல் இருக்கும். காற்று போய் முட்டும் பக்கத்துக் கரையில் அலை அடிக்கும், நுரை ஒதுங்கும். அந்த நுரையோடு நீரில் விழுந்த பூச்சிகளும் வந்து குவியும். ஒரு கரையில் ஒதுக்கம், மறு கரையில் சாப்பாடு. காற்று பலமாக இருக்கும்வரை சிறிய உள்ளான்கள் ஒதுக்கத்தையே தேர்ந்தெடுக்கும். காற்று சற்றுத் தணிந்ததும் நுரைக்கரைக்குப் பறந்துவிடும். ஆகவே பலத்த காற்றில் ஒதுக்கக் கரையில் உட்காருங்கள். காற்று இறங்கினால் எதிர்க்கரை நுரைவரிசையைத் தொலைநோக்கியால் துழாவுங்கள்.

அடுத்து, உட்காரும் கோணம். பறவைகள் காற்றை எதிர்நோக்கியே நிற்கும். அப்போதுதான் இறகு படிந்து கிடக்கும், பின்னாலிருந்து காற்று புகுந்து இறகைக் கலைத்துக் குளிரை உள்ளே விடாது. காற்றுக்கு முகம் கொடுத்து நீங்கள் உட்கார்ந்தால் எல்லாப் பறவைகளின் வாலையும்தான் பார்ப்பீர்கள், கண்ணாடியில் மழையும் அடிக்கும். காற்று உங்கள் தோளில் பக்கவாட்டில் படும்படி உட்காருங்கள். பறவையின் அலகு, கண், மார்பு, கால் என்று பக்கத் தோற்றம் முழுதாகக் கிடைக்கும். அடையாளம் காண வேண்டியதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வானத்தின் விளிம்பில் உங்கள் தலை தெரியக் கூடாது. மேட்டின் உச்சியில் நின்று பார்க்காமல், சரிவில் இறங்கி, பின்னால் மண்ணோ புதரோ இருக்கும்படி உட்காருங்கள். கரையிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி இருங்கள். இது உங்கள் நன்மைக்கும்தான். அணைக்கரை வண்டல் மேலே காய்ந்தது போலத் தெரியும், முழங்கால்வரை உள்ளே இழுக்கும். அணையில் மூழ்கிப்போன மரங்களின் அடிக்கட்டைகளும் அதற்குள் கிடக்கும்.

கார் சாலையோரத்தில் நிற்க இடமிருந்தால் காரே சிறந்த மறைவிடம். கண்ணாடியை இறக்கி, எஞ்சினை அணைத்து, கதவுச்சட்டத்தில் ஒரு மடித்த துண்டை வைத்து அதன்மேல் தொலைநோக்கியை ஊன்றிக்கொள்ளுங்கள். முக்காலி வைத்துப் பார்க்கும் பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அதன் கால்களை முழுதாக இறக்கிவிட்டுத் தரையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். காற்றில் இருபது, இருபத்தைந்து மடங்குக்கு மேல் போனால் நடுக்கம்தான் தெரியும்.

மூடுபனியில் கரையோரமாகத் தனியே நடக்காதீர்கள். காட்டெருமை பத்தடியில் நின்றாலும் தெரியாது. அது திடுக்கிட்டால் என்ன செய்யும் என்பது இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அணைச்சுவர், மதகு, மின்வாரியக் கட்டடங்கள் பக்கம் போகவும் வேண்டாம், படமெடுக்கவும் வேண்டாம். கீழே இறங்கும் முன் அங்கே காவலரோ ஆடுமேய்ப்பவரோ இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். காலையில் எந்த மூலையில் என்ன விலங்கு நின்றது என்பதை அவர்களைவிட யாரும் சொல்ல முடியாது.

உட்கார்ந்த பிறகு

முதல் நாற்பது நிமிடங்கள் ஒன்றும் நடக்காது. நீங்கள் வந்தபோது விலகிப்போனவை திரும்பி வரும் நேரம் அது. பெரும்பாலானவர்கள் முப்பதாவது நிமிடத்தில் எழுந்து அடுத்த குடாவுக்குப் போகிறார்கள், அங்கும் பறவைகளை எழுப்புகிறார்கள். நாள் முழுவதும் பறவைகளின் முதுகையே பார்த்துவிட்டு, மழையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

காமராஜ் சாகரில் ஒரு காலை, எதிரே எருமைக் குளம்புகள் பதிந்த சேறு மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு குளம்புக்குழியிலும் தண்ணீர். சாரல் பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் நான் வெறும் சேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு குழியின் விளிம்பு அசைந்தது. உள்ளான் ஒன்று அதற்குள் மார்புவரை அமர்ந்திருந்தது. குழியின் விளிம்பு அதற்குக் காற்றைத் தடுக்கும் சுவர். முதுகில் விழுந்த மழை முத்து முத்தாக உருண்டு வால் நுனியில் திரண்டு சொட்டியது. காற்று ஒரு நொடி நின்றபோது அது வெளியே வந்து, நான்கு எட்டு ஓடி, சேற்றில் ஒரு கொத்து கொத்தி, மெல்லிய புழு ஒன்றை உருவி எடுத்து, பக்கத்துக் குழித்தண்ணீரில் இரண்டு முறை அலசி விழுங்கிவிட்டு, அடுத்த வீச்சுக்கு முன் வேறு குழிக்குள் இறங்கிவிட்டது. காற்று விடும் இடைவெளிகளை அது எண்ணிக்கொண்டிருந்தது போலவே இருந்தது. அன்று முதல் நான் குளம்புக்குழிகளை ஒன்றுவிடாமல் பார்க்கிறேன்.

துழாவும் முறை: தொலைநோக்கியைக் கரையோரமாக மெதுவாக இடமிருந்து வலம் நகர்த்துங்கள், பிறகு வலமிருந்து இடம். திரும்பும்போதுதான் முதலில் தவறவிட்டது தெரியும். கல், கட்டை, குழி, புல்திட்டு ஒவ்வொன்றின் ஒதுக்குப்பக்கத்திலும் நிறுத்திப் பாருங்கள்.

மங்கிய வெளிச்சத்தில் அடையாளம்

மேக வெளிச்சத்தில் நிறத்தை நம்பக் கூடாது. ஈரமான இறகு கறுத்துத் தெரியும், மஞ்சள் கால் சேறு பூசிச் சாம்பலாகத் தெரியும். முதலில் உருவமும் நடையும், அடுத்துப் பறப்பு, அடுத்துக் குரல், கடைசியில்தான் நிறம்.

சாதாரண உள்ளான்தான் இங்கே அதிகம். மைனாவைவிடச் சிறியது, எடை ஐம்பது கிராம் அளவுதான். நின்ற இடத்தில் பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். மார்பின் வெண்மை தோளுக்கு முன்னால் ஓர் ஆப்புபோல மேலேறி நிற்பது மழையிலும் தெரியும் அடையாளம். பறக்கும்போது சிறகை முழுதாக அடிக்காது. கீழ்நோக்கி வளைத்த சிறகைப் படபடவென்று சிறிது அடித்து, விறைப்பாகச் சற்று மிதந்து, தண்ணீரை ஒட்டியே போகும். பலத்த காற்றிலும் அந்தப் பறப்பு மாறாது.

பச்சை உள்ளான் அதைவிடச் சற்றுப் பெரியது. பெயரில் பச்சை இருந்தாலும் மழையில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். எழுந்து பறந்தால் சிறகின் மேலும் கீழும் கருமை, வாலடி பளிச்சென்று வெண்மை. மூடுபனியிலும் அந்த வெள்ளை திட்டாகத் தெரியும். கரையில் திறந்தவெளியை விரும்பாது. ஓடை நுழையும் ஒடுங்கிய மூலையில் தனியாக நிற்கும். “ட்ளூயீ, வீட்-வீட்” என்று உரக்கக் கத்திக்கொண்டு செங்குத்தாக மேலேறும். மழை நாளில் நான் எழுதிய பச்சை உள்ளான் குறிப்புகளில் பாதி, குரலை மட்டும் கேட்டு எழுதியவை.

பொரி உள்ளான் இதோடு குழப்பும். முதுகில் பொரி தூவியது போன்ற புள்ளிகள், கண்ணுக்கு மேல் தெளிவான வெள்ளைப் புருவம், உயரமான மெலிந்த உருவம். பறக்கும்போது இரண்டு இடங்களைப் பாருங்கள்: சிறகின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும், பாதங்கள் வாலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். குரல் “சிஃப்-இஃப்-இஃப்” என்று உலர்ந்து ஒலிக்கும். வாலடியின் வெள்ளையை மட்டும் வைத்துப் பச்சையா பொரியா என்று முடிவுசெய்யாதீர்கள். இரண்டுக்கும் அது உண்டு. சிறகடியின் கருமைதான் தீர்ப்புச் சொல்லும்.

பட்டாணி உப்புக்கொத்தி உள்ளான்களைப்போலச் சேற்றைக் குத்திக்கொண்டே நடக்காது. ஓடும், நிற்கும், பார்க்கும், குனிந்து எடுக்கும், மறுபடி ஓடும். கழுத்தில் கறுப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். கல் நிறைந்த கரையில் அது நின்றுவிட்டால் கல்லாகவே ஆகிவிடும். ஓடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சதுப்பு மூலைகளில் விசிறிவால் உள்ளானும் ஊசிவால் உள்ளானும் பதுங்கியிருக்கும். நீண்ட நேரான அலகு, தலையில் வரிகள், வைக்கோல் நிற முதுகுக் கோடுகள். நிற்கும்போது இரண்டையும் பிரிப்பது கடினம். தானாகப் பறந்தால் விசிறிவாலின் சிறகுப் பின்விளிம்பில் வெள்ளைக்கோடு தெரியும். ஊசிவாலுக்கு அது இருக்காது. விசிறிவால் “ஸ்கேப்” என்று கரகரத்துக்கொண்டு இடவலமாக ஒடிந்து ஒடிந்து பறக்கும். இதைச் சுடுவது அவ்வளவு கடினம் என்பதால்தான், ஸ்னைப் என்ற இதன் ஆங்கிலப் பெயரிலிருந்து, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களிடையே ஸ்னைப்பர் என்ற சொல் பிறந்தது. கறுத்து, பருத்து, அகன்ற சிறகோடு கனமாக எழும் ஓர் உள்ளானைச் சோலையோரச் சதுப்பில் கண்டால் நெஞ்சு படபடக்கத்தான் வேண்டும்: அது இமயத்திலிருந்து குளிருக்கு இறங்கிவரும் அரிய வுட் ஸ்னைப்பாக இருக்கலாம். சோலைக்குள் அந்தியில் கிளம்பும், உள்ளானின் உறவான வுட்காக்கும் நீலகிரிக்குக் குளிர்கால விருந்தாளியே. வெள்ளையர் காலத்து வேட்டைக்காரர்கள் அதைத் தேடி இந்தச் சோலைகளில் அலைந்தார்கள்.

சிவப்புமூக்கு ஆட்காட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்; நீங்கள் அதைப் பார்க்கும் முன்பே அது உங்களைப் பார்த்து ஊரைக் கூட்டிவிடும். மடையான், சாம்பல் நாரை, சின்னக் கொக்கு, உண்ணிக்கொக்கு ஆகியவற்றையும் கணக்கில் எழுதுங்கள். மழையில் சாம்பல் நாரை கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு கம்பம்போல நிற்கும், மணிக்கணக்கில்.

எழுப்பிவிடாமல் இருத்தல்

இந்த வழிகாட்டியில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஐம்பது கிராம் எடையில் ஓர் உயிர், குளிரில், மழையில், குறுகிய பகலில், காற்று விடும் இடைவெளிகளில் மட்டும் தின்று இரவைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அதை ஒருமுறை பறக்கவிட்டால் அது தின்னும் நேரமும் போகிறது, சேர்த்த சக்தியும் போகிறது. வெயில் நாளில் அந்த இழப்பு சிறியது. மழை நாளில் பெரியது.

தொடக்க ஆண்டுகளில் ஊசிவாலா விசிறிவாலா என்று தெரிந்துகொள்வதற்காக நான் சதுப்புக்குள் நடந்து அவற்றை எழுப்பியிருக்கிறேன். ஒரு டிசம்பர் மாலை அப்படி எழுந்த மூன்றில் ஒன்று காற்றில் தடுமாறி நடு அணைக்குமேல் போய், திரும்ப முடியாமல் மேகத்துக்குள் மறைந்தது. குறிப்பேட்டில் பெயரை எழுதினேன். அந்தப் பக்கத்தைப் பார்க்க இன்றும் மனம் வரவில்லை. இப்போதெல்லாம் தெரியாவிட்டால் “உள்ளான், இனம் தெரியவில்லை” என்றே எழுதுகிறேன். அது முழுமையான, நேர்மையான குறிப்பு.

பறவை பறக்குமுன் எச்சரிக்கும். தின்பதை நிறுத்தும், உடலை நிமிர்த்திக் கழுத்தை நீட்டும், தலையைச் சட்டென்று ஆட்டும். அதைக் கண்டதும் அசையாதீர்கள்; அது மீண்டும் குனிந்து கொத்தும்வரை மூச்சைக்கூட மெல்ல விடுங்கள். பதிவு செய்த குரலை ஒலிபரப்புவதும், கல்லெறிந்து பறக்கவைத்துப் படமெடுப்பதும் எந்த நாளிலும் தவறு, மழை நாளில் கொடுமை.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் ஆட்காட்டியின் கூட்டை மனத்தில் வைக்க வேண்டும். வெறும் தரையில் சிறுகற்களுக்கு நடுவே அது முட்டையிடும். தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். வந்த வழியே திரும்பிவிடுங்கள். கோடைமழை பெய்யும்போது தாய் பத்து நிமிடம் எழுந்திருந்தால் முட்டை நனைந்து குளிர்ந்துவிடும்.

குறிப்பேடு

நேரம், இடம், காற்றின் திசை, மழையின் அளவு, நீர்மட்டம், பறவை, எண்ணிக்கை, எந்தக் கரை. இவ்வளவும் அங்கேயே எழுதுங்கள். இரவில், பறவைப் பட்டியல்களைப் பதியும் இபேர்டு இணையதளத்தில் ஏற்றுங்கள்; ஒன்றும் காணாத நாளையும் ஏற்றுங்கள். மழை நாள் பட்டியல்கள் எல்லா இடங்களிலும் குறைவு. வெயில் நாள் பட்டியல்களை மட்டும் வைத்து ஓர் அணையில் என்ன இருக்கிறது என்று முடிவுசெய்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பலர் சமவெளி ஏரிகளுக்கே போகிறார்கள்; மலை அணைக்கு ஒருவராவது வாருங்கள்.

மழை விட்டதும்

பலர் செய்யும் பெரிய தவறு, மழை விட்டவுடன் நிம்மதியாக எழுந்து கால் நீட்டுவது. அசையாமல் இருக்க வேண்டிய நேரமே அதுதான். மழை நின்று காற்று விழுந்த அடுத்த அரைமணியில், நீங்கள் இல்லையென்று நினைத்த இடங்களிலிருந்தெல்லாம் பறவைகள் வெளியே வரும். முதலில் உடலைச் சிலிர்த்து நீரை உதறும். ஒரு காலால் தலையைச் சொறியும். வாலடிச் சுரப்பியில் அலகைத் தேய்த்து எண்ணெய் எடுத்து இறகு ஒவ்வொன்றாக நீவும். பிறகு பசி. நுரைக்கரையில் வரிசையாக இறங்கிக் கொத்தத் தொடங்கும். ஐந்தடிக்கு ஒன்று என்று எல்லை பிரித்துக்கொண்டு, எல்லை தாண்டியவனைத் துரத்திக்கொண்டு. எண்ணுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

சாலையில் முதல் சுற்றுலா வேன் வந்து நிற்பதற்கு எப்படியும் அரைமணி ஆகும். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் பச்சை உள்ளான்தான் முதலில் எழும். அதன் குரல் மேட்டுக்கு அப்பால் தேயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, குடையை மடக்காமலேயே மெல்ல எழுந்து சரிவேறுங்கள்.

வீடு வந்ததும் தொலைநோக்கியை அடுப்பருகிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைக்காதீர்கள். மூடியைத் திறந்து, துணி விரித்து, மேசைமேல் காற்றாட விடுங்கள். கழுத்துப்பட்டையையும் கழற்றிக் காயப்போடுங்கள். கம்பூட்ஸுக்குள் ஒருமுறை கைவிட்டுப் பாருங்கள், புல்வெளியிலிருந்து அட்டை ஏறி வந்திருக்கும்.